வாசற்படி தாண்டிய நாய்

சாரி-பெல், 12 செப்டம்பர் 1986

என் சின்னக் கொழுந்தனுக்கு அண்ணி சோனுன் எழுதுவது. ஆடும் குதிரையும் உயிர்களும் சுகமா? உனக்கு அங்கே ஆடும் இல்லை, குதிரையும் இல்லை, பூமிக்குள் இறக்குகிற இரும்புக் குழாய்தான் உண்டு என்று தெரியும். சரி, குழாய்கள் சுகமா? இங்கே ஆடுகள் சுகம், குதிரைகள் சுகம், உன் அண்ணன் சுகம், உன் நாய் உச்சார் சுகம், நான் சுகம்.

உறை மேல் உன் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது. வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, புருஷன் வீட்டு ஆண்கள் பெயரில் ஒன்றைக்கூட இந்த வாய் சொன்னதில்லை. வாயால்தான் சொல்லக்கூடாது, கையால் எழுதலாம் என்று பெரிய மாமா தொக்தோசுன் தீர்ப்புக் கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, அவரா எழுதுகிறார்?

கோடை மேய்ச்சலிலிருந்து மந்தையை இறக்கிக் குளிர்கால மனைக்கு வந்துவிட்டோம். உன் அண்ணன் பேனாவைத் தொடமாட்டார். எதிரே உட்கார்ந்து லகானைத் தைத்துக்கொண்டே சொல்கிறார்: "எழுது. அவன் நாய் நல்லா இருக்கு. மூணு ஆள் சோறு திங்குது. பத்து நாள் முன்னாடி ஒரு நரியைப் பிடிச்சுது. நரியைவிட இது திங்கிறதுதான் அதிகம்."

அந்த மூன்று ஆள் சோறு தின்கிறது வாசலில் படுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறது. மூக்கு நுனி வாசற்படியைத் தாண்டினால் போதும், உன் அண்ணன் ஒரு இருமல் இருமுவார். மூக்கு பின்னால் போய்விடும். நீ எப்போது கல்யாணம் செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஊரே கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்தில் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே.

உன் அண்ணி

*

தியுமென் வடக்கு, எண்ணெய்க் கிணறு துளையிடும் முகாம், 20 அக்டோபர் 1986

அண்ணிக்கும் அண்ணனுக்கும் தெமிர்குல் வணக்கம் சொல்லி எழுதுவது. ஆடு குதிரை உயிர்கள் சுகமா? குழாய்கள் சுகம். நானும் சுகம்.

இங்கே இப்போதே மூன்று மணிக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பதினெட்டுப் பேர் ஒரே தகரக் கொட்டகையில் படுக்கிறோம், ஆனாலும் பேச ஆள் இல்லை. நம் பேச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான். குளிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். முகாம் மருத்துவத் தாதி கலீனா பெத்ரோவ்னா, வயசான அம்மாள், கதவைத் தட்டி, "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்கிறார்.

உச்சாரை நினைத்தால் அந்தப் பனிப்புயல் நாள்தான் நினைவுக்கு வருகிறது. குட்டியைக் கோட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குள் கொண்டு வந்தேனே, அப்போது எனக்கு இருபத்தாறு வயசு, முழு ஆள். அண்ணன் குட்டியோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளினார். "நாய் இருக்கிற வீட்டுக்குள்ள தேவதூதர் கால் வைக்கமாட்டார். உனக்கு எது வேணும்னு வெளிய நின்னு யோசி." குதிரைச் சேணம் வைக்கிற கொட்டிலில் நானும் குட்டியும் விடிய விடிய யோசித்தோம்.

அடுத்த ஜூன் வரை ஒப்பந்தம். அதுவரை நகர முடியாது. அண்ணனை ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆட்டுக் காதில் போடும் நம் வீட்டுக் குறியைக் கிறுக்கினாலும் போதும், தலைமாட்டில் ஒட்டிக்கொள்வேன்.

தெமிர்

*

கிராமம், 9 நவம்பர் 1986

மருமகள் சோனுனுக்குத் தொக்தோசுன் எழுதுவது. ஏழாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். நீ மந்தையை விட்டுவர முடியாது, நான் இடுப்பை விட்டு நடக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

தெமிர்குல் கடிதம் ஒன்று தபால் ஆபீசில் கிடந்தது. பிரிக்காமல் இதோடு அனுப்புகிறேன். பதில் எழுது. ஆனால் அவன் அண்ணன் இசாபெக் போய்விட்டான் என்று எழுதாதே. சாவுச் செய்தி தாளில் போகக்கூடாது. கேட்கிறவன் தனியாக இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் தோளைப் பிடிக்க ஆள் வேண்டும், சொல்ல வயசானவன் வேண்டும். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? மண் போட்டாகிவிட்டது, ஓடி வந்தாலும் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது. ஜூனில் வரட்டும். என் வீட்டில் உட்கார வைத்து நான் சொல்வேன். அதுவரை நீ எப்போதும்போல எழுது. கஷ்டம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரளைச் சரிவில் அவனோடு உருண்ட அந்த நாய்க்கு மண்டைக் காயம் ஆறிவிட்டதா? குதிரைக்கு ஒரு கீறலும் இல்லை. கடவுள் கணக்கு நமக்கு விளங்குவதில்லை.

அடுப்பு எரியட்டும், தனியாக இருக்கிறோம் என்று பட்டினி கிடக்காதே.

*

சாரி-பெல், 14 டிசம்பர் 1986

சின்னவனுக்கு அண்ணி எழுதுவது. சுகமா? ஆடுகள் சுகம், குதிரைகள் சுகம், நான் சுகம். உச்சார்தான் சுகமில்லை.

உன் கடிதம் வந்தது. சத்தமாகப் படித்தேன், இரண்டு முறை.

அக்டோபர் கடைசியில் உச்சார் மேலே சரளைச் சரிவில் விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறி, முடியும் முளைத்துவிட்டது. பிழைத்தோம் என்றிருந்தேன். பதினொரு நாள் முன்பு, அந்தி நேரம், ஏதோ ஒரு சத்தம் கேட்டு வாசலில் எழுந்து நின்றது. நின்றபடியே விறைத்தது. பலகை சாய்வதுபோலப் பக்கவாட்டில் விழுந்து, நான்கு காலும் ஓட ஆரம்பித்தன. படுத்துக்கொண்டே நரி துரத்துகிற ஓட்டம். வாயில் நுரை, கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பல்லைத் திறக்கலாம் என்று விரலை விட்டேன், நன்றாகக் கடி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தையல் போடும் அளவுக்கு இல்லை, பயப்படாதே.

நின்ற பிறகு எழுந்து என்னை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. கால் மணி நேரம் கழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, சட்டியிலிருந்த மாவுக் கூழை முழுவதும் தின்றது. அதிலிருந்து நான்கு முறை வந்துவிட்டது.

மேல் மனைத் துய்ஷோன் அண்ணன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டார். "தங்கச்சி, இது வெறி. உன்னைக் கடிச்சா நீயும் குரைப்ப" என்கிறார். அவர் பெண்சாதி பேய் விலக அர்ச்சா மரத் தழை கொளுத்திப் புகை போட்டுவிட்டுப் போனாள். நாய் தும்மியது, அவ்வளவுதான். மாவட்டக் கால்நடை மருத்துவரிடம் குதிரையில் கொண்டுபோய்க் காட்டினேன். வெறி இல்லை, அடியினால் வந்த வலிப்பு, மாத்திரை கொடுத்தால் அடங்கும் என்றார். மாத்திரை எங்கே என்றேன். அதற்குத் தோளைக் குலுக்கினார். உங்கள் முகாமில் கிடைக்குமா? பெயரைத் துண்டுத் தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

கொழுந்தனே, இதை எனக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன் அண்ணி

*

முகாம், 19 ஜனவரி 1987

அண்ணி, வணக்கம். எல்லோரும் சுகமா? உங்கள் விரல் சுகமா?

சீட்டைக் கலீனா பெத்ரோவ்னாவிடம் கொடுத்தேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நாய்க்கா, உனக்கா?" என்றார். எனக்கு என்றால் சுலபமாம், நாய்க்கு என்றால் எழுத அவரிடம் படிவம் இல்லையாம். கடைசியில் அறுபது மாத்திரை கொடுத்தார். விமானி ஒருவன் நகரத்தில் தபாலில் போடுவான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலை அரை மாத்திரை, அந்தியில் அரை. ஒரு வேளையும் தவறக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். வலிப்பு வரும்போது வாய்ப் பக்கம் கை போகக்கூடாது. பக்கத்தில் கல், அடுப்பு இருந்தால் தள்ளி வையுங்கள், நாயைப் பிடித்து அழுத்தாதீர்கள், எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தில் பாருங்கள். பெரிய சத்தம் ஆகாது. முதலில் பின்னங்கால் தள்ளாடும், பசி பேயாய் எடுக்கும். பயப்பட வேண்டாம். "அந்த அம்மாகிட்ட சொல்லு, அது செத்துப்போற மாதிரி இருக்கும், ஆனா சாகாது" என்றார்.

குளிரில் வெளியே போடாதீர்கள். வீட்டுக்குள் விட அண்ணன் சம்மதிக்கமாட்டார், தெரியும். சேணக் கொட்டிலில் இரண்டு கம்பளம் விரித்தாவது வையுங்கள்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் சரளைச் சரிவுக்கு நாயைக் கூட்டிப் போனது அண்ணன்தானே? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே? கடிதத்தில் சுகம் சொன்னவர்கள் வரிசையில் அவரைக் காணோம். அவசரத்தில் விட்டிருப்பீர்கள். அந்தக் காதுக் குறியையாவது போடச் சொல்லுங்கள்.

தெமிர்

*

சாரி-பெல், 22 பிப்ரவரி 1987

சின்னவனுக்கு அண்ணி. சுகமா? இங்கே ஆடுகள் சுகம், குதிரைகள் சுகம், உச்சார் தேவலை, நான் சுகம்.

மாத்திரை பத்தாம் தேதி வந்தது. கலீனா அம்மாளின் கையை என் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொல். பாதி மாத்திரையை ஆட்டு வால் கொழுப்பில் உருட்டிக் கொடுக்கிறேன். முதல் நாள் கொழுப்பைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்பியது. இப்போது நான் ஒரு வெறும் உருண்டை, ஒரு மாத்திரை உருண்டை, மறுபடி ஒரு வெறும் உருண்டை என்று கொடுக்கிறேன். அடுத்தது வரும் ஆசையில் நடுவில் இருப்பதை விழுங்கிவிடுகிறது. ஆண்பிள்ளைதானே.

பின்னங்கால் தள்ளாடத்தான் செய்கிறது. ஓடையைத் தாண்ட முயன்று உள்ளே விழுந்தது, விழுந்ததை நான் பார்க்கவில்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெளியே வந்தது. கதவில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறேன். ஜனவரியில் ஒன்பது கோடு, மாத்திரை வந்த பிறகு ஒன்றுதான். அது இரண்டு நிமிஷம் பத்து விநாடி, உன் அண்ணன் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். படுக்கையில் என் கால்மாட்டில்தான் தூங்குகிறது. பலகையில் நகம் படபடவென்று அடித்தால் எழுந்துவிடுவேன். கனவில் ஓடினாலும் அப்படித்தான் அடிக்கிறது. எது கனவு, எது வலிப்பு என்று இப்போது கண்ணைத் திறக்காமலே தெரிகிறது. குறட்டை வேறு. நான்கு மாதமாய் இந்த வீட்டில் இதனுடைய குறட்டையும் அடுப்பு வெடிக்கிற சத்தமும்தான்.

போன வாரம் கூட்டுப் பண்ணையிலிருந்து ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். கூடவே துய்ஷோன் அண்ணனும், அவர் தோளிலும் ஒன்று.

"வெறி நாய் இருக்குன்னு சொன்னாங்க."

"வலிப்பு நாய் இருக்கு. வெறி நாய் இல்லை."

"ரெண்டுக்கும் நுரைதானே வருது."

"நீ போன வசந்த விழாவில குடிச்சிட்டுக் கிடந்தப்ப உனக்கும்தான் நுரை வந்துது. உன்னை யாராவது சுட்டாங்களா?"

வெறி பிடித்தது தண்ணீர் குடிக்காது என்பது அவனுக்கும் தெரியும். வாளி நிறைய தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். உச்சார் பாதி வாளியைக் குடித்துவிட்டு, அவன் காலணியில் வாயைத் துடைத்துக்கொண்டது. அவன் சிரித்துவிட்டான். துய்ஷோன் அண்ணன்தான் விடவில்லை. "இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு, தங்கச்சி" என்றார். நான் அவரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டார். என்ன வார்த்தை என்று நீ வந்தபின் சொல்கிறேன்.

உன் அண்ணனை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அவர் எழுதமாட்டார், உனக்குத் தெரியாததா?

உன் அண்ணி

*

சாரி-பெல், 30 மார்ச் 1987

சின்னவனுக்கு. சுகமா? பதில் இல்லையே. தபால் வண்டிக்காரனை இரண்டு முறை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி என்னைக் கண்டால் வேறு வழியில் போவான்.

குட்டி போடும் காலம். ஒரு நாளைக்கு முப்பது குட்டி விழுகிறது. கை ஒரு ஆட்டின் வயிற்றில், காது உச்சாரிடம். மாத்திரை இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் வரும். நிறுத்தக்கூடாது என்று நீதான் எழுதினாய்.

உனக்கு என்மேல் கோபமா? உடம்புக்கு முடியவில்லையா? ஒரு வரி போதும். கிறுக்கினாலும் போதும்.

அண்ணி

*

முகாம், 11 ஏப்ரல் 1987

அண்ணி, வணக்கம். பிப்ரவரிக் கடிதம் வந்தது. உடனே பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். சில நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று கலீனா பெத்ரோவ்னா எழுதிக் கொடுத்தார்.

இதோடு இருநூறு மாத்திரை. ஜூன் தாண்டியும் வரும்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? விறகு இருக்கிறதா? குட்டி போடும் நேரத்தில் ஒத்தாசைக்கு யாராவது வருகிறார்களா? துய்ஷோன் அண்ணனின் மகளைக் கேளுங்கள், வருவாள். வாளித் தண்ணீரைத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உச்சாரைப் பற்றி இன்னும் எழுதுங்கள். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.

தெமிர்

*

சாரி-பெல், 6 மே 1987

பெரிய மாமாவுக்கு மருமகள் சோனுன் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? அத்தை சுகமா?

மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணன் எங்கே, அண்ணன் ஒரு வரி எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசிக் கடிதத்தில் கேட்கவே இல்லை. விறகைக் கேட்கிறான், என் இடுப்பைக் கேட்கிறான், அவரைக் கேட்கவில்லை. நான் எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி ஒரு சொல் எழுதவில்லை, பொய்யும் எழுதவில்லை. நாயைப் பற்றித்தான் எழுதினேன். எழுத எனக்கு விட்டுவைத்தது அது ஒன்றுதானே. ஆறு மாதமாய் ஒரு நாயின் நகம், நாயின் குறட்டை, நாயின் மலம் என்று பக்கம் பக்கமாய் நிரப்பியிருக்கிறேன். ஊரில் யாராவது படித்தால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

மாத்திரை தீரப்போன நேரத்திலிருந்து புதுப் பொட்டலம் வருவதற்குள் பதினாறு நாள் ஓடின. இருந்ததைக் கால் காலாய் நறுக்கிக் கொடுத்தும் போதவில்லை. ஒரே நாளில் ஐந்து முறை வலிப்பு வந்தது. ஐந்தாவது ஏழு நிமிஷம் நிற்கவில்லை. மடியில் தலையை வைத்துக்கொண்டு, நீயும் போய்விடாதே, நீயும் போய்விடாதே என்றேன். நின்றுவிட்டது. இப்போது மாத்திரை இருக்கிறது, ஒன்பது நாளாய் ஒரு வலிப்பும் இல்லை.

உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்கிறேன். முதல் வலிப்பு எதனால் வந்தது என்று அவனுக்கு எழுதவில்லை. என்னால் வந்தது. அந்தியில் மேட்டைப் பார்த்து உட்கார்ந்து, புருஷனை இழந்தவள் அழ வேண்டிய பாட்டைக் குரலெடுத்தேன். இரண்டு அடி பாடவில்லை, நாய் விழுந்தது. மறுநாள் பாடினேன், மறுபடி விழுந்தது. அதோடு நிறுத்தினேன். நாற்பதாம் நாளுக்கு வந்த பெண்கள் இவள் என்ன வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், கல் நெஞ்சுக்காரி என்று பேசியது என் காதில் விழுந்தது. பேசட்டும். அன்றைக்குச் சரிவுக்குக் கீழே ஒரு இரவும் ஒரு பகலும் அவர் பக்கத்தில் நின்று குரைத்தது இந்த நாய். இதைச் சுட வந்த துய்ஷோன் அண்ணனிடம் நான் கேட்டது அதைத்தான். "அன்னிக்கு இது குரைக்கலைன்னா நீங்க அவரைக் கண்டுபிடிச்சிருப்பீங்களாண்ணே?" துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூனில் அவன் வந்தால் நீங்களே சொல்லுங்கள். அதற்குள் எனக்குச் சொல்லிவிடத் தோன்றாமல் இருக்க வேண்டும்.

சோனுன்

*

முகாம், 20 மே 1987

அண்ணிக்கு வணக்கம்.

ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல் இல்லை. உங்களுக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வாரம் யோசித்தேன்.

பிப்ரவரிக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன். வால் கொழுப்புக் கதைக்குச் சிரித்தேன். அண்ணன் கைக்கடிகாரம் என்றிருந்தது, வேலை செய்யும்போது கழற்றிக் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுகம் சொல்கிற வரிசையில் மறுபடியும் அவர் இல்லை, அதற்கும் ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அடுத்த வரியில் உச்சார் படுக்கையில் உங்கள் கால்மாட்டில் தூங்குகிறது என்றிருந்தது. அதற்கு என்னால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீட்டில் இருமுவதற்கு ஆள் இல்லை என்று புரிந்தது.

நீங்கள் யோசிக்காமல் எழுதியிருப்பீர்கள். நான்கு மாதத்தில் உங்களுக்கு அது பழகிவிட்டது. எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். கலீனா பெத்ரோவ்னா வந்து பின்னால் நின்று இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நம் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு எழுத வேண்டாம் என்று பெரியப்பா தொக்தோசுன்தான் சொல்லியிருப்பார், அவரிடம் சொல்லுங்கள், தோளைப் பிடிக்க ஆள் இருந்தது என்று.

எனக்குத் தெரியும் என்று அப்போதே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள், அங்கே உங்கள் தோளைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதனால்தான் உச்சாரைப் பற்றி எழுதுங்கள், எத்தனை பக்கமானாலும் எழுதுங்கள் என்றேன். அண்ணனைப் பற்றி விசாரிக்க என் கை வரவில்லை. பொய்யாக விசாரிப்பது அவரை இரண்டாம் முறை புதைப்பதுபோல இருந்தது.

ஜூன் பதினாலாம் தேதி பேருந்தில் இறங்குகிறேன். முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போவேன். அவர் சொல்லட்டும், தெரியாதவன்போலக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை மாதம் சுமந்திருக்கிறார், இறக்கி வைக்க அவருக்கு ஒரு முறை வேண்டும்.

பிறகு மேலே வருவேன். ஓடைத் திருப்பத்திலிருந்து குதிரையை விரட்டிக்கொண்டு, "என் அண்ணா, என் மலையே" என்று கதறிக்கொண்டு வருவதுதான் முறை. ஆனால் பெரிய சத்தம் உச்சாருக்கு ஆகாது. அதனால் திருப்பத்தில் குதிரையைக் கட்டிவிட்டு நடந்தே வருகிறேன். சத்தம் போடமாட்டேன். நீங்களும் பாட்டெடுக்க வேண்டாம். என் பங்குக்கு இங்கேயே அழுதுவிட்டேன். நாயை வெளியே விடாதீர்கள், எங்கே தூங்குகிறதோ அங்கேயே தூங்கட்டும்.

தெமிர்குல்

*

பெரிய மாமா வீட்டில் கொடுத்து வைத்தது, 10 ஜூன் 1987

என் சின்னக் கொழுந்தனுக்கு அண்ணி சோனுன் எழுதுவது. வழியெல்லாம் சுகமாக வந்தாயா? பெரிய மாமா சொல்லி முடித்த பிறகுதான் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஆடுகள் சுகம், குட்டிகள் சுகம், குதிரைகள் சுகம். உச்சார் சுகம், கோடு போட்டு நாற்பத்து நான்கு நாள் ஆகிறது. நான் இருக்கிறேன். உன் அண்ணன் இல்லை.

இதை எழுதியவுடன் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டு வந்தேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். அந்தப் பாழாய்ப்போன வரியை நான்தானே எழுதினேன். எழுதும்போது அது என் காலை மிதித்துக்கொண்டிருந்தது, வேறெப்படி எழுதுவேன்? உள்ளே விட்ட முதல் நாள் வாசற்படியில் நின்று, இருமல் வருமா என்று காதைத் தூக்கிக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தது. நானும் அதோடு காத்திருந்தேன். அப்புறம்தான் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

ஆனால் கொழுந்தனே, நடந்து வராதே. சத்தமில்லாமல் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, வேண்டாம். டிசம்பரிலிருந்து நான் இந்த வாயைத் திறக்கவில்லை. இந்த நாய்க்காக மூடி வைத்திருக்கிறேன். நீ அங்கே அழுதுவிட்டாய், நல்லது. எனக்கு இன்னும் ஆகவில்லை. தனியாக அழ எனக்குத் தெரியவில்லை.

துய்ஷோன் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். நீ வருகிற அன்றைக்கு அந்தி வரை உச்சாரை மேல் மனையில் அவர் வீட்டில் வைத்துக்கொள்வார். மேட்டுக்கு அந்தப் பக்கம், நம் சத்தம் அங்கே கேட்காது. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை உருண்டை, கைகளை எங்கே வைக்கக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். "சுடறது சுலபம், தங்கச்சி, இது பரீட்சை மாதிரி இருக்கு" என்றார். வாசற்படிக்கு உள்ளேதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார்.

அதனால் திருப்பத்திலிருந்து குதிரையை விரட்டிக்கொண்டு வா. அண்ணா என்று குரலெடுத்து, இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதுகொண்டு வா. நான் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உன் சத்தம் கேட்டதும் ஆரம்பிப்பேன். நன்றாக அழுவோம். முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு பேரும் போய் நாயைக் கூட்டிக்கொண்டு வருவோம்.

உன் அண்ணி